கோதுமை பீரும் காப்பிக்காரரும்

என் மனைவி கணக்கு எழுதும் மொழிப் பள்ளியில் பாடம் நடத்திவந்த ஒரு வெளிநாட்டு ஆசிரியர் யாங்கோனை விட்டு ஒரேயடியாகக் கிளம்பினார். வீட்டுச் சாமான்களையெல்லாம் பள்ளியில் கொண்டுவந்து இறக்கி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ரைஸ் குக்கர், மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் சீக்கிரமே போய்விட்டன. கட்டணம் கட்ட வந்த கூட்டத்தில் மாட்டிக்கொண்ட என் மனைவி கடைசியாகப் போய்ப் பார்த்தபோது, யாரும் சீண்டாத அட்டைப்பெட்டி ஒன்று மட்டும் மூலையில் கிடந்திருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் எங்கள் வீடு நான்காம் மாடி. நான் கீழே இறங்கிப் பெட்டியை வாங்கி மேலே கொண்டுவந்தேன். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பிரித்தாள். அடியில் குழாய் வைத்த வெள்ளை பிளாஸ்டிக் வாளி ஒன்று, அதற்கு இறுக்கமான மூடி, மூடியில் செருகும் வளைந்த கண்ணாடிக்குழல், ஒரு ரப்பர் குழாய், ஒரு தெர்மாமீட்டர், பாட்டில் மூடி அடிக்கும் கைக்கருவி. பிறகு பழுப்பு நிறத்தில் பாகு அடைத்த தகர டின், ஈஸ்ட் பொட்டலம், மீனுக்குப் போடும் தீனி மாதிரி, கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் பச்சை உருண்டைகள். படம் போட்ட தாள் ஒன்றும் இருந்தது. முதன்முதலாக வீட்டில் கோதுமை பீர் காய்ச்சுகிறவர்களுக்கான செய்முறை.

"பீரா?" என்றேன்.

"கோதுமையில செய்றது" என்றாள், ஏதோ புதுவகைச் சேமியா வாங்கிவந்தவள் போல.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவன். தாத்தா துறைமுக வேலைக்குக் கப்பலேறி வந்தவர். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் எங்கேயும் போகவில்லை. பசுந்தாங் ஓடைப் பக்கம் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண்மணி. என்னிடம் தமிழில் பேசுவாள், கோபம் வந்தால் பர்மிக்கு மாறிவிடுவாள். என்னைக் 'கோகோ' என்று கூப்பிடுவாள். பர்மியில் அண்ணனுக்கும் அதே சொல்தான், ஆசையோடு கூப்பிடும் கணவனுக்கும் அதே சொல்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அந்த ஆண்டில் நானும் கொரோனாக் காய்ச்சலில் படுத்துவிட்டேன். பிழைத்தேன். ஆனால் மூக்கு திரும்பி வரவில்லை. மழை பெய்த மண், வெந்த சோறு, கடையில் கசியும் கேஸ், எதுவும் எனக்கு மணக்காது. நாக்கில் உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் எரியும். அவ்வளவுதான்.

நான் பழகிக்கொண்டேன். பழகிக்கொள்ளாதவள் அவள்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவள் ஓனோ காவ்ஸ்வே செய்து வைத்து, நான் முதல் வாய் எடுத்து வைக்கும்வரை தன் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். தேங்காய்ப்பால் நூடுல்ஸில் வெங்காயம் போதவில்லை, இன்னும் சிவக்க வறுத்திருக்கலாம் என்பேன். அவள் முகம் சுருங்காது, மலரும். தன் சமையலை ஒருவன் இவ்வளவு உன்னிப்பாகச் சாப்பிடுகிறானே என்று. காய்ச்சலுக்குப் பிறகு நான் எதற்கும் "நல்லா இருக்கு" என்றுதான் சொன்னேன். கொஞ்ச காலம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். சமையல் ஒரு மாதிரி கடமையாகிப் போனது. தெருமுனையில் வாங்கி வந்துவிடுகிற நாட்கள் கூடின.

அப்படியிருந்தவள்தான் அந்த அட்டைப்பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து செய்முறைத் தாளை வரி வரியாகப் படித்தாள்.

நான் வாளியை எடுத்துப் பார்க்கக் கை நீட்டினேன். "தொடாதீங்க கோகோ, கையில கிரீஸ் இருக்கு. இதுல ஒரு தூசி பட்டாக்கூட எல்லாம் புளிச்சிருமாம்" என்றாள்.

எல்லாவற்றையும் வெந்நீரிலும் மருந்துத் தண்ணீரிலும் கழுவினாள். டின்னிலிருந்த பாகைப் பெரிய சட்டியில் கரைத்து, பச்சை உருண்டைகளில் பாதியைப் போட்டுக் காய்ச்சினாள். மீதியை இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் வைத்தாள். ஆறவைத்து வாளியில் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவும் நேரத்தில்தான் தாளிலிருந்த ஒரு வரி அவளுக்குக் கண்ணில் பட்டது. ஈஸ்ட் வேலை செய்யும் நாட்களில் வாளி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தாளில் சொன்ன குளிர்ச்சி எங்கள் அடுக்களையில் மார்கழி விடியற்காலையில்கூட இருக்காது. இதுவோ தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய கோடை. கரண்ட் முறைவைத்து வந்து போய்க்கொண்டிருந்தது.

அவள் வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அது என் வேலை.

கடையில் கம்ப்ரெசர் செத்துப்போன ஒரு சிறிய பெட்டி ஃப்ரீசர் கிடந்தது. இயந்திரம் போனாலும் அதன் சுவர்கள் தடிமனானவை, குளிரை விடாது. கொண்டுவந்தால் அது படிக்கட்டு வளைவில் திரும்பவில்லை. பால்கனி கம்பியில் கப்பி மாட்டிக் கயிற்றில் மேலே இழுத்தோம். இரண்டாம் மாடிக்காரர்கள் சன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஃப்ரீசர் பெட்டிக்குள் வாளியை இறக்கி, சுற்றிலும் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை அடுக்கினேன். பாட்டில்கள் கரையக் கரைய மாற்ற வேண்டும். கரண்ட் நீளமாகப் போனால் ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்கிவர வேண்டும். தெர்மாமீட்டரை மூடி வழியாக உள்ளே விட்டேன். தாள் சொன்ன குளிர்ச்சிக்கு வந்து நின்றது. அவள் என் தோளில் தட்டினாள்.

மறுநாள் வளைந்த குழலில் குமிழ்கள் வர ஆரம்பித்தன. வாளி தானாக மூச்சுவிடுவது போல இருந்தது. அவள் ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக் குழலருகில் முகர்ந்தாள்.

"வாழைப்பழ வாசனை" என்றாள். "கோகோ, நிஜமா. சும்மா பாகும் ஈஸ்ட்டும் போட்டோம். வாழைப்பழம் எங்கிருந்து வந்திச்சு? இங்க வந்து..."

அத்தோடு நிறுத்திக்கொண்டாள். மூடியைச் சாத்தினாள். ஈரமே இல்லாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் கூப்பிட்டதன் பேரில், காப்பிக்காரர் வந்தார். அவளுடன் கல்லூரியில் படித்தவர், சீனர்கள் அதிகம் வாழும் லத்தா பகுதியைச் சேர்ந்த சீனக் குடும்பத்து ஆள். மலைப்பகுதிகளிலிருந்து வரும் காப்பிக்கொட்டையை வறுத்து விற்கும் ஒரு கடையில் ருசி பார்ப்பதுதான் அவருக்கு வேலை. எந்த மூட்டை எப்படி மணக்கிறது என்று சொல்வதற்குச் சம்பளம். அப்படி ஒரு உத்தியோகம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. என்னைவிட இளையவர். என்னை 'அகோ', அதாவது அண்ணா, என்று மரியாதையோடு கூப்பிட்டார். செருப்பை ஒழுங்காக வாசலில் விட்டு வந்தார். குறை சொல்வதற்கு எதுவுமே இல்லாத மனிதர், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஃப்ரீசர் மீது குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். வாழைப்பழம், ஆமாம் என்றார். அதற்குக் கீழே கிராம்பு. அதற்கும் கீழே, பிசைந்து மூடிவைத்த ரொட்டி மாவு. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் மனைவி ஆமாம் ஆமாம் என்றாள். கிராம்பு தனக்கும் வந்தது, ஆனால் பெயர் தெரியவில்லை என்று பர்மியில் வேகமாகச் சொன்னாள். இருவரும் மாறி மாறிக் குனிந்தார்கள். நான் கரைந்த பாட்டில்களை எடுத்துவிட்டு உறைந்தவற்றை வைத்துக்கொண்டிருந்தேன். கை வைக்க இடம் வேண்டும் என்பதால் இரண்டு பேரையும் கொஞ்சம் நகரச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் முகத்தை அன்று நன்றாகப் பார்த்தேன். சாதாரண மூக்கு. கொஞ்சம் சப்பை. ஒரு பக்கம் மச்சம். இதற்குள் அப்படி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அவர் போன பிறகு கீழே போய்த் 'தீமுவே' வாங்கி வந்தேன். சிறிய வாழைப்பழம், அந்தப் பெயருக்கே வாசனைப் பழம் என்றுதான் பொருள். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் உரித்து மூக்கருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைச்சூட்டில் பழம் குழைந்ததுதான் மிச்சம். பிறகு ஒரு கிராம்பை வாயில் போட்டுக் கடித்தேன். நாக்கு மரத்தது, எரிந்தது. எரிச்சல் எரிச்சலாகத்தான் இருந்தது, கிராம்பாக இல்லை.

பாட்டில்களில் அடைத்து, மேலும் சில நாட்கள் வைத்திருந்து, திறக்கிற நாளும் வந்தது. அவரைக் கூப்பிட்டிருந்தாள். லபெத்தோக் பிசைந்து வைத்தாள். தேயிலை ஊறுகாயில் பூண்டும் வேர்க்கடலையும் தாராளமாகப் போட்டிருந்தாள். அப்படிப் பார்த்துப் பார்த்து அவள் தாளித்தும் பிசைந்தும் எவ்வளவு காலமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். மூன்று கண்ணாடி டம்ளர்கள். முதல் பாட்டில் நல்ல சத்தத்தோடு திறந்தது. கலங்கலான மஞ்சள் நிறம், மேலே தடித்த வெள்ளை நுரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அவர் ஒரு கரண்டி கேட்டார். டம்ளரிலிருந்து கரண்டியில் எடுத்து, சர்ரென்று சத்தம்போட்டு உறிஞ்சினார். காப்பியை அப்படித்தான் ருசி பார்ப்பார்களாம். நான் அப்படி உறிஞ்சினால் என் அம்மா முதுகில் ஒன்று வைத்திருப்பார். என் மனைவி தன் டம்ளரைத் தொடவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்துப் படிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவள் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது என்னுடையது. ஓனோ காவ்ஸ்வே தட்டுக்கு மேலே எனக்காகக் காத்திருந்த பார்வை. அதை இன்னொருவருக்குத் தந்துவிட்டாள் என்பதை, என் சொந்தச் சாப்பாட்டு மேசையில், கையில் டம்ளரோடு உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் முயற்சிக்கு மிகவும் நல்லது என்றார் அவர். கிராம்பு முன்னால் வருகிறது, வாழைப்பழம் பின்னால் தங்குகிறது, கடைசியில் லேசாக ஆரஞ்சுத் தோல் என்றார். அவள் முகம் மலர்ந்தது. பிறகுதான் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

தலையாட்டிவிட்டு மறுபடி அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்டியில் வந்த பாகு ஒரு முறைக்குத்தான். அத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் காப்பிக்காரருக்கு ஷான் மலைப்பக்கம் வியாபாரத் தொடர்பு இருந்தது. அங்கே கோதுமை விளைகிறது. ஒரு மூட்டை வரவழைத்தார். ஈஸ்ட்டுக்குப் பழைய பாட்டில்களின் அடியில் படிந்திருந்த கசடே போதும் என்றார். கோதுமையை ஊறவைத்து முளைகட்டி, காப்பி வறுக்கும் இயந்திரத்தில் மிக லேசான சூட்டில் உலர்த்தினால் மால்ட் தயார். அதற்கு அவர் கடைக்குப் போக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் இயந்திரம் சும்மா இருக்கும்.

"நீங்களும் வாங்களேன்" என்றாள் என் மனைவி. கடை வேலை இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். தனியாகக் கிளம்பிப் போனாள்.

மூன்றாவது ஞாயிறு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. செம்புக் குழாய் வாங்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு லத்தாவுக்குப் பஸ் ஏறினேன். குழாய்க்கடைகள் இருப்பது அந்தத் தெருவே இல்லை. அவர் கடைக்கு எதிர்ப்புறம் பழ வண்டிகளுக்கும் மீன் கூடைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். கடையின் இரும்புக் கதவு பாதி ஏற்றியிருந்தது. உள்ளே ஒரு பெரிய தட்டில் முளைத்த கோதுமையைப் பரப்பி, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேர்களை உள்ளங்கையால் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். அவரும் ஒன்றை எடுத்துக் கடித்தார். இருவரும் சிரித்தார்கள்.

அவ்வளவுதான் நான் கண்டது. கைகூடப் படவில்லை. படவே படாது என்றும் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஆனால் பட்டிருந்தால் எனக்கு ஒரு வகையில் சுலபமாக இருந்திருக்கும். போய்ச் சண்டை போட்டிருப்பேன். ஒரு மணி கோதுமையைக் கடித்து ஒருத்தி சிரித்ததற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பக்கத்து வண்டியில் வேண்டாத மாம்பழங்களை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இரண்டாவது தடவை காய்ச்சியது அவளே முளைகட்டிய கோதுமையில். உமி இல்லாத தானியம் என்பதால் வடிகட்டும்போது களி மாதிரி அடைத்துக்கொண்டது. பழைய லுங்கித் துணியில் கட்டிப் பிழிந்தாள். ஒரு முழு நாள் வேலை. வாளி மறுபடி ஃப்ரீசர் பெட்டிக்குள் போனது, பாட்டில்கள் என் பொறுப்பாயின. முதல் சில நாட்கள்தான் முக்கியம், அப்போது சூடு ஏறிவிட்டால் தொலைந்தது என்று காப்பிக்காரர் சொல்லியிருந்தார். எனக்கே ஃப்ரீசரைப் பற்றிச் சொல்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அதற்கு மறுநாள், ஊருக்கு வெளியே கியாக்தானில் ஒரு மீன் வியாபாரியின் குளிர் அறை நின்றுவிட்டது. அவர் எனக்குப் பழைய வாடிக்கைக்காரர், மீன் முழுவதும் உள்ளே. காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கிளம்பினேன். மனைவி பள்ளிக்குப் போயிருந்தாள். பாட்டில்களை மாற்றிவைத்துவிட்டுத்தான் போனேன்.

வேலை இழுத்துவிட்டது. ஃபேன் மோட்டார் மட்டும் என்று நினைத்தது, வயரிங் முழுக்கக் கருகியிருந்தது. நடுவில் அவளுக்குப் போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை. மறுபடி செய்தேன். பிறகு என் போனே அணைந்துவிட்டது. அங்கேயும் கரண்ட் இல்லாததால் ஏற்ற வழியில்லை. யாங்கோன் பஸ்ஸைப் பிடித்து உட்கார்ந்தால், பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று வண்டிகள் நகரவே இல்லை. அந்தப் பஸ்ஸில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பதறியிருக்க வேண்டியவன் நான் பதறவில்லை. வாளி சூடேறிக்கொண்டிருக்கும் என்பது நன்றாகத் தெரியும். மனது ஒரு மாதிரி அமைதியாக இருந்தது.

ஆனாலும் படியை ஓடித்தான் ஏறினேன். அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். பசுந்தாங்கில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லையாம். பாட்டில்கள் வெதுவெதுப்பாகக் கிடந்தன. தெர்மாமீட்டரை என்னிடம் காட்டினாள். நான் ஐஸ் கட்டி வாங்க ஓடினேன். திரும்பி வந்தபோது தெருவில் "மீ லாபீ" என்று பிள்ளைகள் கத்தினார்கள். விளக்கு வந்துவிட்டது. இனி வந்து என்ன?

பாட்டிலில் அடைக்கும் முன் ருசி பார்க்கக் காப்பிக்காரர் வந்தார். கரண்டியில் எடுத்தார், உறிஞ்சினார், கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி அடிக்கிறது என்றார். சூட்டில் ஈஸ்ட் அப்படித்தான் செய்யும், யார் மேலும் தப்பில்லை, இந்த ஊரில் இது சகஜம் என்றார். என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். நானும் குடித்தேன். எனக்கு முதல் தடவையின் பீருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதைச் சொல்லாமலிருக்கும் அளவுக்குப் புத்தி இருந்தது.

அவர் போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றாள்.

"வேணும்னே செஞ்சீங்களா?" என்றாள்.

பர்மியில் கேட்டிருந்தால் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். தமிழில் கேட்டாள்.

"இல்ல" என்றேன். போன் செய்ததை, பஸ் நின்றதை, எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். திரும்பச் சொல்லவில்லை. "இல்ல. ஆனா கெட்டுப்போச்சுன்னு அவர் சொன்னப்ப எனக்கு வருத்தம் வரல."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் நிறுத்த முடியாமல் லத்தாவுக்குப் போய் எதிர்த்தெருவில் நின்றதையும் சொல்லிவிட்டேன். மாம்பழத்தைக்கூடச் சொன்னேன்.

"வந்தவரு ஏன் உள்ள வரல?"

"உள்ள வந்து நான் என்ன செய்ய? நீங்க ரெண்டு பேரும் பேசுறது எனக்குப் புரியாத பாஷை. ஐஸ் மாத்துறதுக்குத்தான் நான்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவரிடம் தான் கேட்பது வாசனையை மட்டும்தான், வேறு எதையும் இல்லை என்றாள். அது எனக்குத் தெரியும் என்றேன். தெரிந்துமா என்றாள். தெரிந்துதான், விஷயமே அதுதான் என்றேன். வேறு எதையாவது கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று சொல்ல வந்து, அது அசட்டுத்தனம் என்று பட்டதால் விழுங்கிவிட்டேன். ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"உங்ககிட்ட கேட்டா உங்களுக்கு நோகும்னுதான் கேக்கறத விட்டேன்" என்றாள். "சாப்பாட்டையும்தான். நீங்க 'நல்லா இருக்கு'ன்னு சொல்லும்போது உங்க முகத்த நீங்க பாத்ததில்ல கோகோ."

அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. இத்தனை காலம் என்மேல் இரக்கப்பட்டு ஒதுங்கியிருக்கிறாள் என்பது, பொறாமையைவிட மோசமாகக் குத்தியது. இரக்கம் வேண்டாம், கேள் என்றேன். என்ன கேட்பது என்றாள். எதையாவது கேள், தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன்.

கெட்டுப்போன பீர் இன்னும் மேசைமேல் இருந்தது. அதை என் பக்கம் தள்ளினாள். நான் ஒரு வாய் குடித்து, வாயில் வைத்திருந்து, யோசித்து, நாக்கின் ஓரத்தில் புளிப்பு, தொண்டையில் இறங்கும்போது ஒரு சூடு, போன தடவை அந்தச் சூடு இல்லை, அதைவிட இது நீர்த்துப்போய் இருக்கிறது என்றேன். அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். சூடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். நீர்த்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காகக் கொஞ்ச நேரம் வாதாடினோம். பிறகு இருவருமாக வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தோம்.

மூன்றாவது தடவை காய்ச்சுவதற்கான கோதுமையை உலர்த்த நானும் லத்தாவுக்குப் போனேன். நானும் உட்கார்ந்து வேர்களைத் தேய்த்தேன். காப்பிக்காரர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார் என்பதுதான் தாங்க முடியவில்லை. பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் ஒரு பிடி மால்ட்டை அள்ளி முகர்ந்து பிஸ்கட் என்றபோதும், அவள் இல்லை, வறுத்த எள் என்று மறுத்தபோதும் எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஒரே வித்தியாசம், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து எரிந்தது.

உலர்த்தி முடித்த அன்றைக்குத்தான் அவர் செய்தியைச் சொன்னார். பாங்காக்கில் ஒரு காப்பிக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்றார். இப்போதெல்லாம் யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எங்கள் படிக்கட்டிலேயே பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆனாலும் என் மனைவி அதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த கோதுமையைத் தட்டில் போட்டுவிட்டு, வாழ்த்துச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது சன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அது முழுதாக வந்து சேர்வதற்குள் அவள் அழுகை அதைக் கெடுத்துவிட்டது. எனக்காக ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நாட்களில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. பார்க்கிற நிலையில் நான் இல்லை, அது வேறு விஷயம். அப்படியெல்லாம் கணக்குப் பார்க்கத் தோன்றியது எனக்கு, ஓடுகிற பஸ்ஸில். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கிளம்புவதற்குள் மூன்றாவது பீர் தயாராகவில்லை. விமான நிலையத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். அவர் எனக்குக் கை கொடுத்து, அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல், ஐஸைப் பார்த்துக்கொள்ளுங்கள் அகோ என்றார். சிரித்துவிட்டேன். அந்த ஒரு நொடி அவரை எனக்குப் பிடித்திருந்தது.

மழைக்காலம் தொடங்கியிருந்ததால் இந்த முறை குளிர் அவ்வளவு சிரமம் தரவில்லை. பாட்டில் திறக்கிற நாளில் இரண்டே டம்ளர்கள். அவள் ஊற்றினாள். முகர்ந்தாள். டம்ளரை மறுபடி மூக்கருகில் கொண்டுபோனாள். சொன்னால் ஆமாம் என்று சொல்ல ஆள் இல்லையே என்று தயங்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"சொல்லு" என்றேன்.

"வாழைப்பழம் இருக்கு. கிராம்பு கம்மி."

"கம்மின்னா எப்படி? வெளிய நிக்குதா, உள்ள இருக்கா?"

யோசித்தாள். பக்கத்து வீட்டில் யாரோ பிரியாணி செய்கிறார்கள், நம் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது, அந்த அளவுக்கு என்றாள். எனக்குப் புரிந்தது. நானும் குடித்து, நுரை முதல் தடவையைவிடக் கெட்டி, நாக்கில் பட்டுப்போல நிற்கிறது, கசப்பு கடைசியில்தான் வருகிறது என்றேன். அவள் மறுபடி ஒரு வாய் குடித்து, கசப்பு கடைசியில்தான் வருகிறதா என்று பார்த்தாள்.

மேசைமேல் அவள் போன் இருந்தது. அவர் இல்லாவிட்டால் என்ன, படம் எடுத்து அனுப்பலாம், எழுதிக் கேட்கலாம். அனுப்புவாள் என்றும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அவர் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"தெரியாது" என்றாள். "அவர் இதக் குடிக்கலையே."

எனக்குச் சட்டென்று அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. ஊரை விட்டுப் போன ஒரு நல்ல மனிதரால் குடிக்க முடியாத பீரை நான் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்ற அற்பச் சந்தோஷம். மறைக்க முயன்றும் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் தலையில் அடித்துக்கொண்டு, பர்மியில் என்னை ஏதோ திட்டினாள். பிறகு இரண்டாவது பாட்டிலை எடுத்துவரச் சொன்னாள்.